அடிவாரத்துச் செக்-இன்

அந்தப் பையை மேல தூக்கி வச்சிராதீங்க தம்பி. கீழயும் வேண்டாம், எவனாவது மிதிச்சுப் போடுவான். எம்மடியிலயே இருக்கட்டும். உள்ள பட்டு வேட்டி சட்டை இருக்குதுங்க, மூணு வயசுப் பையனுக்கு. கூட ஒரு ஜோடி கடுக்கன். தங்கச்சி மகனுக்குக் காது குத்து. நாந்தான் தாய்மாமன்.

நீங்க ஈரோடுங்களா? சரி சரி. நான் காங்கேயத்துல எறங்கிருவேன். அங்கிருந்து ஒரு ஆட்டோ புடிச்சா அவங்க குலதெய்வக் கோயில். பத்து மணிக்கு மேல முகூர்த்தம். இந்த வண்டி எத்தனைக்குங்க போகும் காங்கேயம்? ஒம்பதரைக்குப் போயிருமா? போயிரும், போயிரும். தாராபுரத்துல மட்டும் நிறுத்திப்போட்டு டீ குடிக்கப் போகாம இருந்தாச் சரி.

எம்பேரு தண்டபாணிங்க. பழனி அடிவாரத்துல செல்போன் கடை. கவரு, சார்ஜரு, ரீசார்ஜு. வீடும் அங்கதான், கிரிவீதியில இருந்து நாலு எட்டு. நீங்க பழனிக்கு வந்தா எங்க தங்குவீங்க? லாட்ஜுலயா? பாருங்க, அதான் சொல்ல வாரேன். அடிவாரத்துல வீடு இருக்கறவனோட கஷ்டம் உங்களுக்குத் தெரியாதுங்க. எங்க சொந்தபந்தம் பூராத் திருப்பூரு, காங்கேயம், ஈரோடுன்னு இந்தப் பக்கந்தான். எல்லாரும் வருசத்துல ரெண்டு மூணு தடவை முருகனைப் பாக்க வந்துருவாங்க. மொட்டை போடுவாங்க, காவடி எடுப்பாங்க, பஞ்சாமிர்தம் வாங்குவாங்க. மலையெறங்குனதும் நேரா வண்டியேறிப் போயிருவாங்க. நம்ம வீடு அங்கயே இருக்குது. ஒரு எட்டு வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போகத் தோணாது.

முன்னயெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. வந்தது தெரியாது, போனது தெரியாது. நிம்மதியா இருந்தேன். அப்பறம் இந்த செக்-இன் வந்துச்சு.

எங்க ஊருல அதை மொதல்ல போட்டவனே நாந்தான். பேஸ்புக்குல நாம நிக்கற எடத்தை அமுத்துனா, இன்னார் இன்ன எடத்துல இருக்காருன்னு எல்லாருக்கும் போகுமில்லீங்களா, அது. அப்ப பழனியில பாதி எடத்துக்கு அதுல பேரே இல்லீங்க. நாந்தான் ஒண்ணொண்ணா ஏத்துனேன். எங்கடை, எதுத்தாப்பல பேக்கரி, பஸ் ஸ்டாண்டு டீக்கடை, எங்க வீடு. கடைக்குப் போன் வாங்க வர்றவனுக்கெல்லாம் கவரு மாட்டற கையோட அதையும் சொல்லிக் குடுத்தேன். பேக்கரிக்காரரு, செக்-இன் போட்டுக் காட்டுனா ஒரு தேங்கா பன்னு இனாம்னாரு. அவ்வளவுதான், ஊரே பன்னு தின்னுச்சு. கல்யாணத்துக்குப் போனா போடறது, மின்மயானத்துக்குப் போனாலும் போடறது. ஒருத்தன் பல்லு புடுங்கப் போயி, வாயில பஞ்சோட போட்டோ போட்டான். அப்படிப் பரவிப் போச்சுங்க.

அப்பத்தாங்க எனக்குக் கண்ணு தொறந்துச்சு. ஒரு நாள் கடையில உக்காந்திருக்கறேன். திருப்பூரு சித்தப்பன் மகன் செக்-இன் போடறான், பழனி மலைக்கோயில், குடும்பத்தோடன்னு. எனக்கு ஒரு வார்த்தை சொல்லலை. கடைய அப்படியே போட்டுட்டு மலை ரயிலு எறங்கற விஞ்சு ஸ்டேஷனுக்கு ஓடுனேன். அரை மணி நேரம் நின்னேன். எறங்கி வர்றாங்க, மொட்டைத் தலையும் சந்தனமுமா. என்னையப் பாத்ததும் மூஞ்சி அப்படியே மாறிப் போச்சு. 'உங்க வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டிருக்கோம்'னான். காலு திரும்பி நிக்கறது பஸ் ஸ்டாண்டுப் பக்கம். வுடுவனா நானு? கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி, எலையப் போட்டுச் சோத்தப் போட்டுத்தான் அனுப்புனேன். எம்பொண்டாட்டி பரமேஸ்வரி அன்னைக்கு ரெண்டாந்தரம் உலை வச்சா. ராத்திரி எம்பாயை வெளித் திண்ணையில போட்டுட்டா.

அதுக்கப்பறம் எத்தனை பேரைப் புடிச்சிருப்பேன்னு கணக்கே இல்லீங்க. விஞ்சுல நின்னு, ரோப் காருல நின்னு, பஸ் ஸ்டாண்டுல வண்டி கெளம்பற நேரத்துல ஏறி. பரமேஸ்வரி சொல்லுவா, 'ஏனுங்க, வர்ற மனசிருந்தா அவங்களே வரமாட்டாங்களா? ஓடற கோழிய அமுக்கற மாதிரி எதுக்குப் போயி அமுக்கறீங்க?'ன்னு. பொம்பளைக்கு என்னங்க தெரியும் சொந்தத்தோட அருமை? அவ சமைக்கறதுக்குச் சோம்பேறித்தனப்பட்டுட்டு அப்படிப் பேசுவா.

ஆனா ஒண்ணு பாத்தனுங்க. போகப் போக எங்க சனம் பழனியில இருந்து செக்-இன் போடறதையே நிறுத்திப் போட்டாங்க. தாராபுரம் தாண்டுனதுக்கப்பறந்தான் போடறாங்க, 'காலையில நல்ல தரிசனம்'னு. எதுக்குன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியலை. டவர் கெடைக்கறதில்லையாட்ட இருக்குது.

என்ன சொல்ல வந்தேன்? ஆங், தங்கச்சி.

சுகந்தின்னு பேரு. எனக்கும் அவளுக்கும் பன்னெண்டு வருசம் எட்டம். எங்கப்பன் போறப்ப அவ ரெண்டாவது படிச்சிக்கிட்டிருந்தா. எங்கம்மாளும் ரொம்ப நாளு இருக்கலை. நாந்தாங்க தலை பின்னி உட்டு, இஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போயி, படிக்க வச்சு, காங்கேயத்துல தனபாலுக்குக் கட்டிக் குடுத்தேன். தனபால் மாப்பிள்ளை நல்ல மனுசனுங்க. வெதைக்கடை வச்சிருக்காரு. நாலு வார்த்தை கேட்டா ஒரு வார்த்தை பேசுவாரு. ஆனா அவரோட அம்மா இருக்குதே, அத்தை, அது பேசற பேச்சுக்கு எல்லாருக்கும் சேத்துப் போதும்.

பையன் பொறந்தான். தர்னீஷ். அவன் பொறந்தன்னைக்கே அவங்கப்பன் அவம்பேருலயும் பேஸ்புக்குல ஒரு கணக்குத் தொறந்துட்டாரு. சொல்லிக் குடுத்தது நாந்தான். எங்களுக்குக் கொழந்தை இல்லீங்க. அவன்தான் எல்லாம். மூணு வயசுல மொட்டை போட்டுக் காது குத்தணும், தண்டபாணி மடியிலதான் உக்கார வைக்கணும்னு அப்பவே பேச்சு. எங்க பக்கத்துல தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தாங்க காது குத்தறது. கொழந்தை கத்தும், கைய முறுக்கும், மாமன் இறுக்கிப் புடிச்சுக்கணும். அதுக்கு ஒரு வெல உண்டுங்களா?

போன வருசம் அவ மறுபடியும் முழுகாம இருந்தா. ரெண்டு மாசம்கூட ஆகலை. மாப்பிள்ளை வெதை எடுக்க வெளியூரு போயிட்டாரு. எனக்குப் போன் பண்ணுனா. 'அண்ணா, ஈரோட்டுக்கு டாக்டரப் பாக்கப் போகணும், கூட வர்றியா? வீட்டுல அத்தைக்கு இன்னும் சொல்லலை, மூணு மாசம் கழியட்டும்'னா. நான் சந்தோசத்துல பறந்து போனேன். ஸ்கேன் எடுக்க உள்ள போனா, நான் வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கறேன். கை சும்மா இருக்குமா? செக்-இன் போட்டேன். அந்த ஆஸ்பத்திரி பேரு, பிரசவ ஆஸ்பத்திரிதான், கூட சுகந்தி. 'எல்லாரும் வேண்டிக்கோங்க'ன்னு ஒரு வரி. அவ்வளவுதாங்க. வேற ஒண்ணுமே எழுதலை.

அவ ஸ்கேன் ரூமை விட்டு வெளிய வர்றதுக்குள்ள போனு மேல போனு. எங்க சொந்தத்துல இருக்கற அத்தனை பேரும் அவளைக் கூப்புடறாங்க, 'என்ன விசேசமா'ன்னு. அத்தையும் கூப்புட்டுருச்சு. ஊருக்கெல்லாம் தெரிஞ்சு கடைசியா எனக்குத் தெரியணுமான்னு கத்துச்சாம். சுகந்தி எம்மூஞ்சியப் பாத்தா. 'ஏண்ணா இப்படிப் பண்ணுன'ன்னு ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டா. வர்ற வழி பூரா சன்னல் பக்கமே திரும்பிக்கிட்டு வந்தா. நாலு பேரு வேண்டிக்கிட்டா நல்லதுதானுங்களே? நான் என்ன பகையாளியா?

அதுக்கப்பறம் எங்கிட்ட ஒண்ணும் சொல்றதில்லீங்க. போன் பண்ணுனா 'நல்லா இருக்கேண்ணா', வச்சிருவா.

ஒரு நாள் காலையில கடை தொறந்து சாமிக்குப் பூப் போடறேன். போன் டிங்குங்குது. தனபால், பழனி மலைக்கோயில்ல இருக்காரு. கூட யாரு? சுகந்தி, தர்னீஷ். எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. மொட்டை போட்டுட்டாங்க, என்னைய விட்டுட்டுக் காது குத்திட்டாங்கன்னே நெனச்சுட்டேன். ஓடுனேன். விஞ்சுல பாத்தேன், ரோப் காருல பாத்தேன், படியேறிப் பாதி வரைக்கும் போனேன். மொட்டை போடற எடத்துல ஒவ்வொரு கொழந்தையாத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். இல்லை. மாப்பிள்ளைக்குப் போன் போட்டா எடுக்கலை. சுகந்தியும் எடுக்கலை. அங்கயே படியில உக்காந்தேன். இவளையா நான் தலை பின்னி வளத்தேன்னு நெனச்சேன்.

எழுதிப் போட்டேன். அந்தச் செக்-இன்னுக்குக் கீழயே, எல்லாரும் பாக்கற மாதிரி. 'முருகனைப் பாக்க வழி தெரிஞ்சவளுக்கு அண்ணன் வீட்டுக்கு வழி தெரியலையா? இனி இந்த அண்ணன் செத்துட்டான்னு நெனச்சுக்கோ. உம் புள்ளைகளுக்கு மடி வேணும்னா வேற எவனையாவது பாத்துக்கோ.' அப்படின்னு. சும்மா சொல்லக்கூடாது, ஒரு மணி நேரத்துல அத்தனை சொந்தமும் லைக் போட்டுச்சு. 'சரியாக் கேட்டீங்க மாமா'ன்னு ஒருத்தன். தாராபுரம் தாண்டிச் செக்-இன் போடறாங்கன்னு சொன்னேன் பாருங்க, அதுல ஒருத்தன்தான்.

ஆனா அவ பழனிக்கே வரலைங்க.

அவ ஈரோட்டுல, ஆஸ்பத்திரியில படுத்திருந்தா. முந்தின நாளே ரத்தம் போக ஆரம்பிச்சிருச்சாம். மாப்பிள்ளை மட்டும் விடியறதுக்கு முன்னால வண்டியெடுத்து வந்து, மலையேறி, அவ பேருக்கும் பையன் பேருக்கும் அர்ச்சனை பண்ணிட்டு, செக்-இன்னுலயும் அந்த ரெண்டு பேரையும் சேத்துப் போட்டுட்டுப் போயிருக்காரு. எங்க சனம் அப்படித்தாங்க போடும். கோயிலுக்கு வர முடியாதவங்க பேரையும் சேத்துப் போட்டா அவங்களுக்கும் புண்ணியம்னு. நானே வீட்டுல காய்ச்சலாக் கெடந்த பரமேஸ்வரிய எத்தனை தடவை மலை மேல நிக்கற மாதிரி போட்டிருக்கறேன். இருந்தாலும் மாப்பிள்ளை அதுல ஒரு வரி எழுதியிருக்கலாமில்லீங்க, அவ இங்க இல்லைன்னு. எனக்கு எப்படித் தெரியும்?

சாயங்காலம் கரு கலைஞ்சு போச்சு. நான் எழுதுனதை அவ அந்தக் கட்டில்ல படுத்துக்கிட்டுப் படிச்சிருக்கா. 'உம் புள்ளைகளுக்கு'ன்னு நான் எழுதுனதை. வேற யாரும் படிச்சுக் காட்டலை, அவளாவே படிச்சாளாம்.

அத்தை சொல்லிருச்சு, இனி அவன் இந்த வாசலை மிதிக்கக் கூடாதுன்னு. அவன் வாய் வச்சதாலதான் போச்சுன்னு. நான் நேருல போனேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு மாப்பிள்ளைதான் சொன்னாரு, 'கொஞ்ச நாள் போகட்டும் மச்சான்'னு. கொஞ்ச நாள், கொஞ்ச நாள்னு வருசம் ஓடிப் போச்சுங்க. நான் என்ன தப்புப் பண்ணுனேன்? ஆஸ்பத்திரியில இருக்கறான்னு எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா நான் அப்படி எழுதியிருப்பனா? பரமேஸ்வரிகிட்டக் கேட்டேன். அவ அரிசியில கல்லுப் பொறுக்கிக்கிட்டே இருந்தா. 'சொன்னா நீங்க ஆஸ்பத்திரியில நின்னு அதையும் போட்டிருப்பீங்க'ன்னா. எல்லாரும் ஒண்ணு சேந்துட்டாங்க எனக்கு எதுரா.

தண்ணி இருக்குதுங்களா? ஒரு மொடக்கு குடுங்க.

முந்தாநேத்துதாங்க போன் வந்துச்சு. தெரியாத நம்பரு. எடுத்தா சுகந்தி. பக்கத்து வீட்டுப் போன்ல இருந்து. குரலைக் கேட்டதும் கடைய விட்டு வெளிய ஓடி வந்து நின்னு பேசுனேன். 'அண்ணா, தர்னீஷ் தம்பிக்குக் காது குத்தறாங்க. உன்னையக் கூப்புடலை. பெரியப்பா மகன் நாச்சிமுத்து அண்ணன் மடியில உக்கார வைக்கறதாப் பேசி வச்சிருக்காங்க. எனக்கு மனசு ஆறலைண்ணா. என்ன இருந்தாலும் நீதான் எனக்கு அண்ணன். நீ பத்து மணிக்கு நேரா கோயிலுக்கு வந்துரு. சீர்த்தட்டோட தாய்மாமன் முன்னால வந்து நின்னுட்டா, சபையில எவனும் எந்திரிச்சுப் போன்னு சொல்ல முடியாது. நாச்சிமுத்து அண்ணனே எந்திரிச்சு எடம் குடுத்துரும். அத்தையால ஒண்ணும் பண்ண முடியாது. நான் தம்பியத் தூக்கி உம்மடியில வச்சிருவேன்'னா. அழுதுக்கிட்டே சொன்னா. அப்பறம் ஒண்ணே ஒண்ணு கேட்டா. 'யாருக்கும் தெரிய வேண்டாம்ணா. காதும் காதும் வச்ச மாதிரி வந்துரு. அண்ணிக்குக்கூடச் சொல்லாத'ன்னா.

சத்தியம் பண்ணுனேன். அதைக் காப்பாத்துனேன் தம்பி. பரமேஸ்வரிகிட்டக்கூடச் சரக்கெடுக்கக் கோயமுத்தூரு போறேன்னுதான் சொல்லிட்டு வந்தேன். கடைப் பையனுக்குத் தெரியாது. கடுக்கன் வாங்குன ஆசாரிகிட்டக்கூட யாருக்குன்னு சொல்லலை. இந்த ரெண்டு நாளும் வாயில பூட்டுப் போட்ட மாதிரித்தான் இருந்தேன். எனக்கு அது எத்தனை பெரிய கஷ்டம்னு உங்களுக்கே இப்பத் தெரிஞ்சிருக்கும்.

இருங்க, உங்களுக்குக் காட்டறேன் போட்டோவ. இது போன மாசம் எடுத்ததாம், யாரோ போட்டிருந்தாங்க. எப்படி இருக்கறான் பாருங்க. மூக்கு அப்படியே எங்கப்பன். இதுவா? இது இன்னைக்குக் காலையில. பழனி பஸ் ஸ்டாண்டுல நானு, இந்தப் பையோட. சும்மா ஒரு செக்-இன். 'தங்கச்சி மகன் காது குத்துக்குக் காங்கேயம் பயணம், தாய்மாமன் சீரோடு'ன்னு.

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? நான் யாருகிட்டயும் வாயத் தொறந்து சொல்லலையே. இது சொல்றதுல சேருங்களா? எல்லாரும் போடறதுதானே. அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் ஒட்டு உறவு அத்துப் போச்சுன்னு ஒரு வருசமாப் பேசுன வாயெல்லாம் மூடணுமில்லீங்க. அதுக்குத்தான். பாருங்க எத்தனை லைக்குன்னு. திருப்பூரு சித்தப்பன் மகன் போட்டிருக்கறான். இது மேகலா, மாப்பிள்ளையோட தங்கச்சி. அந்தப் புள்ளையே லைக் போட்டிருக்குது. அத்தை வீட்டுலயும் கோவம் தணிஞ்சிருச்சுன்னுதானே அர்த்தம்? எனக்கு அதைப் பாத்ததும் நெஞ்சு குளுந்து போச்சு.

தாராபுரம் வந்துருச்சா? பரவால்ல, நிறுத்தாம எடுத்துட்டான்.

இருங்க, போன் வருது. அதே நம்பரு, பக்கத்து வீட்டுக்காரங்களும் விசேசத்துக்கு வந்திருப்பாங்களாட்ட. பாத்தீங்களா, எங்க வந்துட்டிருக்கேன்னு கேக்கறா.

சொல்லு சாமி. தாராபுரம் தாண்டிட்டேன். ஒம்பதரைக்கெல்லாம் வந்துருவேன்… என்ன? சத்தமாச் சொல்லு, வண்டி எரைச்சல்… எப்ப? எட்டரைக்கேவா? பத்து மணிக்கு மேலன்னு சொன்ன… நாச்சிமுத்து மடியிலயா? யாரு சொன்னது? அத்தையா… நீ நிறுத்தலையா சாமி? … சரி. சரி, அழுகாத. அழுகாதடா. தம்பி கத்தறான், அவனத் தூக்கு மொதல்ல. தூக்கு. … சுகந்தி? … சுகந்தி?

வச்சுட்டா.

குத்தியாச்சுங்களாம். அத்தை காலையில எட்டு மணிக்கு எந்திரிச்சு நின்னு, இப்பவே நல்ல நேரந்தான், ஆசாரியக் கூப்புடுன்னு சொல்லிருச்சாம். எல்லாத்தையும் அவசர அவசரமா முடிச்சுட்டாங்க. பையன் அழுகற சத்தம் கேட்டுச்சு தம்பி. வலியில அழுகறான். நான் இறுக்கிப் புடிச்சிருக்க வேண்டிய கொழந்தை.

பாத்தீங்களா எஞ்சனத்தை? ஒரு ரெண்டு மணி நேரம் பொறுக்கக் கூடாதா? நான் வர்றது எப்படித் தெரிஞ்சுதுங்க அந்தக் கெழவிக்கு? எவனோ போயிச் சொல்லியிருக்கறான். எவன்னு மட்டும் தெரியட்டும். சுகந்தி அதைச் சொல்லலை. நான் கேக்கறதுக்குள்ள வச்சுட்டா.

இல்லீங்க, நான் இங்கயே எறங்கித் திரும்பிப் போகலை. பாதி வழியில எறங்கி எங்க போறது? போயி நிக்கறேன் அந்தக் கோயில்ல, எல்லாரும் சாப்புட்டுக்கிட்டிருப்பாங்க, போயி நிக்கறேன். இந்தப் பையைக் கொஞ்சம் புடிங்க. ரெண்டு கையும் வேணும். இதை இப்பவே எழுதிப் போடறேன், நாயத்தை நாலு பேரு கேக்கட்டும். தாராபுரம் தாண்டி… எடம் காட்டுது பாருங்க. உங்க பேரு என்னன்னு சொன்னீங்க தம்பி? கூட இருந்து கேட்டவரு நீங்கதானே, உங்களையும் சேத்துப் போட்டுக்கறேன்.